ஓய்ந்த கைகளுக்கு அரை நாள் கூலி வேண்டும்!

மாதத்தின் முதல் வாரத்தில் தஞ்சை ஜில்லாவில் ஏதாவதொரு கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள். வங்கி முகவர் கைமெஷினோடு உட்கார்ந்திருக்கும் திண்ணைக்கு முன்னால் கிழவர்களும் கிழவிகளும் காலையிலிருந்தே குந்தியிருப்பார்கள். ஒவ்வொருவராக வந்து விரலை வைப்பார்கள். சிலருக்குப் பணம் வரும். சிலருக்கு, "ரேகை விழவில்லை, நாளைக்கு வா பாட்டி" என்ற பதில்தான் வரும்.

ரேகை எப்படி விழும்? ஐம்பது வருஷம் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுத்து, கதிர் அறுத்த விரல்கள் அவை. உழைத்ததினால் ரேகை தேய்ந்தது. ரேகை தேய்ந்ததினால் பென்ஷன் இல்லை. ஏழை உழைப்பாளிக்கு இந்தச் சமுதாயம் வழங்கும் நீதிக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

கோவைப் பக்கம் வாருங்கள். கார்டிங் டிபார்ட்மெண்டில் முப்பது வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த தொழிலாளி ஒருவர் இன்று இரவு வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். வயது எழுபது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. பென்ஷன் வருகிறதே என்று கேட்டால் சிரிக்கிறார். மாதம் ஆயிரத்துச் சொச்சம் வருகிறது. மருந்துக் கடையில் பாதி, மளிகைக் கடையில் பாதி, பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. மிச்சம் இருபது நாளுக்காகத்தான் இந்தக் கிழ வயதில் கைத்தடியும் விசிலும்.

ஒருவர் நாட்டுக்குச் சோறு போட்டவர். இன்னொருவர் நாட்டுக்குத் துணி கொடுத்தவர். இருவரும் ஓய்ந்துவிட்டார்கள். இவர்களுக்கு இந்த நாடு என்ன கடன்பட்டிருக்கிறது? இந்தக் கேள்வியை இந்த வாரம் நாம் வாசகத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம்.

மத்திய சர்க்கார் 1995 ஆகஸ்ட் 15-ந் தேதி தேசிய முதியோர் பென்ஷன் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அதன் பங்கு மாதம் 75 ரூபாய். 2006-ல் அது 200 ரூபாயாயிற்று. 2007-ல் திட்டத்துக்கு இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. 2011-ல் வயது வரம்பு 65-லிருந்து 60-ஆகக் குறைக்கப்பட்டது; 80 வயது தாண்டியவர்களுக்கு மட்டும் 500 ரூபாய் என்றார்கள். பெயர் மாறியது, வயது மாறியது, டில்லியில் ஆட்சியும் மாறியது. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு 2006-ல் வைத்த அந்த 200 ரூபாய் மட்டும் 2025 முடியும் வரையிலும் மாறவில்லை.

ரூபாய் நோட்டு அதே நோட்டுத்தான். ஆனால் அதற்கு என்ன கிடைக்கிறது? கூலியை வைத்து அளந்து பாருங்கள். 2006-ல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வைத்த நாள் கூலி 80 ரூபாய். அன்றைக்கு 200 ரூபாய் என்பது இரண்டரை நாள் கூலி. 2025 ஏப்ரலில் அதே திட்டத்துக்கு வைத்த கூலி 336 ரூபாய். ஆக, மத்திய சர்க்காரின் பென்ஷன் இப்போது முக்கால் நாள் கூலிகூட இல்லை. சட்டம் போட்டு யாரும் கிழவியின் பென்ஷனை வெட்டவில்லை. சும்மா இருந்தார்கள்; விலைவாசி வெட்டிவிட்டது. இது சத்தமில்லாத வெட்டு. அதனால்தான் இதற்கு எதிராகச் சத்தமும் போதவில்லை.

மாநில சர்க்காரின் கணக்கு என்ன? சென்னை ராஜ்யத்தில் 1962 ஏப்ரல் முதல் தேதி முதியோர் பென்ஷன் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். டில்லி விழித்துக்கொள்வதற்கு 33 வருஷம் முன்பே இங்கே திட்டம் வந்துவிட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. பண்டிகைக்கு வேட்டி சேலை கொடுப்பதையும், ரேஷனில் அரிசி கொடுப்பதையும் மறுக்கவில்லை. 2011-ல் 500 ரூபாய் 1,000 ஆயிற்று. 2023-ல் 1,200 ஆயிற்று. பன்னிரண்டு வருஷத்தில் 200 ரூபாய் உயர்வு! இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பருப்பு விலை எவ்வளவு ஏறியது, எண்ணெய் விலை எவ்வளவு ஏறியது, சமையல் காஸ் எங்கே போய் நிற்கிறது என்பதை நமது வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1,200 ரூபாய் என்பது நாலு நாள் கூலிக்கும் குறைவு. மாதத்துக்கோ முப்பது நாள்.

அந்தத் தொகையும் எல்லோருக்கும் இல்லை. "ஆதரவற்றவர்" என்று நிரூபிக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் நிற்க வேண்டும், ஆர்.ஐ.யிடம் நிற்க வேண்டும், தனி தாசில்தார் ஆபீசுக்கு நடக்க வேண்டும். "உனக்குத்தான் மகன் இருக்கிறானே" என்று மனு திரும்பி வருகிறது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறான். அவன் வாடகைக்கும் பிள்ளைகள் படிப்புக்குமே சம்பளம் போதவில்லை. ஒருவர் செத்தால்தான் இன்னொருவருக்குப் பென்ஷன் என்று கிராமத்திலே ஜனங்கள் பேசிக்கொள்கிறார்கள். அடுத்த வீட்டுக் கிழவியின் சாவை எதிர்பார்த்து ஒரு கிழவி காத்திருக்க வேண்டிய நிலைமை எந்த நாகரிகத்தில் சேர்ந்தது?

இனி ஆலைத் தொழிலாளியின் விஷயம். மில்லில் வேலை செய்தவனுக்கு பி.எப். பென்ஷன் இருக்கிறதே என்று கிராமத்துத் தோழர்கள் நினைக்கலாம். 1995 நவம்பர் 16-ந் தேதி வந்த திட்டம் அது. முதலாளி கட்டும் பங்கில் சம்பளத்தில் நூற்றுக்கு 8.33 அதற்குப் போகிறது. மத்திய சர்க்கார் தன் பங்காக 1.16 போடுகிறது. முதலாளி கட்டும் பணம் என்பது என்ன? அதுவும் தொழிலாளியின் உழைப்பிலிருந்து வந்ததுதான். கையில் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி அது.

கடைசி ஐந்து வருஷச் சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி, 70-ஆல் வகுத்தால் வருவதுதான் பென்ஷன். 10,500 ரூபாய்ச் சம்பளத்தில் பத்து வருஷம் வேலை செய்தவனுக்கு எவ்வளவு? 1,500 ரூபாய். பத்து வருஷம் நிறையாவிட்டால் மாதப் பென்ஷனே கிடையாது. ஒரு சின்னத் தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பதிலியாகவும் காண்டிராக்டிலும் ஆறு மாதம் இங்கே, ஒரு வருஷம் அங்கே என்று மில் மில்லாகத் தள்ளப்படும் தொழிலாளி, பெயர் முறையாகப் பதிவாகிப் பத்து வருஷத்தை எப்போது முடிப்பான்? மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண் பிள்ளைகள் எந்தப் பென்ஷனை வாங்குவார்கள்?

இந்தத் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். அதற்கு முந்திய வருஷமே, 2013-ல், பகத்சிங் கோஷியாரி தலைமையிலான ராஜ்ய சபைக் கமிட்டி குறைந்தபட்சம் 3,000 ரூபாய் வேண்டும், சர்க்காரின் பங்கை உயர்த்த வேண்டும் என்று சிபாரிசு செய்தது. கோஷியாரி நமது கட்சிக்காரர் அல்ல. பாரதிய ஜனதாவின் தலைவர்களில் ஒருவர். அவரது கட்சி மறு வருஷமே ஆட்சிக்கு வந்தது. அவர் தலைமையில் செய்த சிபாரிசோ அலமாரிக்குப் போயிற்று. நாடெங்கும் எழுபது லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் இந்தப் பென்ஷனை நம்பி இருக்கின்றன. இதற்குப் பஞ்சப்படி கிடையாது. முதல் மாதம் வாங்கிய தொகைதான் சாகும் வரை.

இப்போது இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுவோம். 2025 மார்ச்சில் பார்லிமெண்ட் அங்கத்தினர்களின் சம்பளத்தோடு, முன்னாள் அங்கத்தினர்களின் பென்ஷனும் மாதம் 25,000-லிருந்து 31,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்த உயர்வு 2023 ஏப்ரலிலிருந்தே கணக்கிடப்பட்டது. ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் மாதம் 2,500 ரூபாய் கூடுதல். விலைவாசியைக் கணக்கிட்டு உயர்வு என்றார்கள். நல்லது. விலைவாசி டில்லியில் மட்டும்தான் ஏறுகிறதா? மன்னார்குடியில் ஏறவில்லையா? முன்னாள் அங்கத்தினர் ஒருவரின் அடிப்படைப் பென்ஷன், நமது கிராமத்துக் கிழவிகள் 25 பேர் வாங்கும் பென்ஷனுக்கு மேல். அவர்களது பென்ஷனை விலைவாசியோடு கட்டத் தெரிந்தவர்களுக்கு இவர்களது பென்ஷனைக் கட்டத் தெரியாதா?

ஆட்சியாளர்கள் மூன்று பதில் சொல்கிறார்கள். மூன்றையும் எடுத்துக்கொள்வோம்.

முதல் பதில்: "பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் கடமை." ஆம், கடமைதான். பெற்றவர்களைப் பட்டினி போட வேண்டும் என்று எந்த உழைப்பாளியும் நினைப்பதில்லை. 2007-ல் இதற்கென்று சட்டமே செய்தார்கள். பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட அந்தச் சட்டத்தில் வழி வைத்தார்கள். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றவர்களை வெளியே தள்ளும் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் வேண்டியதுதான். ஆனால் கூலிக்காரனைப் பார்த்து, "பத்தாயிரம் வரைக்கும் கொடு" என்று சொல்லச் சட்டம் செய்த மத்திய சர்க்கார், தன் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பது இருநூறு! மகனுக்கு முதலில் பிழைக்கத் தக்க கூலியைக் கொடுங்கள். அவன் தாயை அவன் காப்பாற்றுவான். அதையும் கொடாமல் தாயையும் அவன் தலையில் வைத்தால், வீட்டுக்குள் சண்டைதான் வளரும். வறுமை செய்யும் கொடுமைக்குப் பிள்ளைகளின் மனசைப் பழி சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது பதில்: "தொழிலாளியே சேமிக்கட்டும்." 2019-ல் அமைப்பு சாராத் தொழிலாளர்களுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 18 வயதில் சேர்ந்தால் மாதம் 55 ரூபாய் கட்ட வேண்டும்; சர்க்காரும் அதே அளவு போடும்; 60 வயதில் மாதம் 3,000 ரூபாய் வரும். நாற்பது வயது தாண்டியவர்கள் சேர முடியாது. அதாவது, இன்றைக்கு முதுமையின் வாசலில் நிற்பவர்களுக்குக் கதவு சாத்தியாயிற்று. சேரக்கூடிய இளைஞனோ 42 வருஷம் கட்ட வேண்டும். 42 வருஷம் கழித்து 3,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்? 1962-ல் வைத்த 20 ரூபாய்ப் பென்ஷனை அப்படியே விட்டிருந்தால் இன்று அதற்கு என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள், பதில் தெரியும். வருஷத்தில் பாதி நாள் வேலையில்லாத விவசாயத் தொழிலாளியைப் பார்த்துச் சேமி என்று சொல்வது, பசித்தவனைப் பார்த்து விரதம் இரு என்று சொல்வதற்குச் சமம்.

மூன்றாவது பதில்: "பணம் இல்லை." இதுதான் பெரிய பொய். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாகக் குறைத்தார்கள். இதனால் வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று நிதி மந்திரியே சொன்னார். முதியோர், விதவைகள், ஊனமுற்றோர் பென்ஷன்கள் அடங்கிய முழுத் திட்டத்துக்கும் 2025-26 பட்ஜெட்டில் மத்திய சர்க்கார் ஒதுக்கியது 9,652 கோடி. பெரிய கம்பெனிகளுக்கு ஒரு வருஷத்தில் விட்டுக்கொடுத்த பணத்தில், இந்த ஏழைகள் அனைவருக்கும் இப்போது கொடுக்கும் பென்ஷனைப் பதினைந்து வருஷம் கொடுக்கலாம். கோவிட் காலமான 2020 மார்ச்சில் ரயிலில் முதியோருக்கு இருந்த சலுகையையும் நிறுத்தினார்கள். பெண்களுக்குப் பாதிக் கட்டணம், ஆண்களுக்கு நூற்றுக்கு நாற்பது தள்ளுபடி என்று இருந்தது. கொள்ளை நோய் போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. கிழவனின் டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு முதலாளியின் லாபத்தில் வரி பிடிக்கத் தெரியவில்லை.

மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு அக்கம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கேரளத்தில் 1980-ல் தோழர் நாயனார் மந்திரிசபை விவசாயத் தொழிலாளர்களுக்கென்றே பென்ஷன் கொண்டுவந்தது. அன்று 45 ரூபாய். வயலில் உழைத்தவனும் ஒரு தொழிலாளி, அவனுக்கும் ஓய்வுக்காலம் உண்டு என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது அதன் பெரிய பொருள். 2025 நவம்பரில் அங்கே சமூகப் பென்ஷன் 2,000 ரூபாயாயிற்று. நடுவில் பாக்கி விழுந்து ஜனங்கள் கஷ்டப்பட்டதும் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் 4,000 ரூபாய். அங்கே நடப்பது பாட்டாளிகளின் ஆட்சி அல்ல. ஆனால் ஜனங்கள் பென்ஷனைத் தேர்தலின் பெரிய கேள்வியாக ஆக்கினார்கள். கட்சிகள் பதில் சொல்லியே தீர வேண்டியதாயிற்று. நமக்கு இதில் பாடம் உண்டு.

உலகத்திலும் பென்ஷன் யாருடைய கருணையினாலும் வரவில்லை. 1889-ல் ஜெர்மனியில் முதியோர் இன்ஷூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தவர் பிஸ்மார்க். தொழிலாளர் இயக்கத்தை ஒரு கையால் நசுக்கிக்கொண்டே, அது வளர்ந்துவிடுமே என்ற பயத்தில் மறு கையால் இதைக் கொடுத்தார். பிரிட்டனில் 1908-ல் சட்டம் வந்தபோது எழுபது வயது ஆனவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங். அங்கும் "ஒழுங்காக உழைத்தவனா?" என்ற சோதனை வைத்தார்கள். நமது தாசில்தார் ஆபீஸ் சோதனைகளுக்கு அண்ணன் அது! இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சோவியத் நாட்டிலேயே ஆலைத் தொழிலாளிக்குப் பென்ஷன் முந்தி வந்தது. கூட்டுப்பண்ணை விவசாயிகள் அனைவருக்குமான பென்ஷன் சட்டம் 1964-ல்தான் வந்தது. ஆலையில் கூடி நிற்பவன் குரல் முந்திக் கேட்கிறது. வயல்களில் சிதறிக் கிடப்பவன் குரல் பிந்திக் கேட்கிறது. ஆகவேதான் இந்தக் கோரிக்கையில் ஆலைத் தொழிலாளி விவசாயத் தொழிலாளியின் கையைப் பிடித்து நிற்க வேண்டும் என்கிறோம்.

நமது கோரிக்கை என்ன? எத்தனை ரூபாய் என்பதைவிட எந்த அளவுகோல் என்பதுதான் முக்கியம். இன்று 2,000 என்று வாங்கினாலும், பத்து வருஷத்தில் விலைவாசி அதைத் தின்றுவிடும். 200 ரூபாயின் கதை நமக்குச் சொல்லித் தருவது இதைத்தான். ஆகவே பென்ஷனைக் கூலியோடு கட்ட வேண்டும். உழைத்து ஓய்ந்த ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு அரை நாள் கூலி! 336 ரூபாய் கூலி என்றால் மாதம் ஏறக்குறைய 5,000 ரூபாய். கூலி ஏறினால் பென்ஷனும் தானாக ஏற வேண்டும். குறைந்தபட்சக் கூலியில் பாதியைப் பென்ஷனாகக் கொடு என்று பூனாவின் சுமைத் தொழிலாளர் தலைவர் பாபா ஆதவும், அருணா ராயும், பென்ஷன் பரிஷத்தின் மூலம் 2012-லேயே டில்லியில் முதியவர்களைத் திரட்டிக் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை அது. இதில் பெரும் பங்கை மத்திய சர்க்கார் ஏற்க வேண்டும்.

இதோடு வேறு சில கோரிக்கைகளும் உண்டு. மகன் இருக்கிறான், ஓட்டு வீடு இருக்கிறது என்று மனுவைத் தள்ளுவது ஒழிய வேண்டும். வருமான வரி கட்டுகிறவர்களையும் வேறு நல்ல பென்ஷன் வாங்குகிறவர்களையும் தவிர, அறுபது வயதான எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். பி.எப். பென்ஷனுக்குப் பஞ்சப்படி வேண்டும். பத்து வருஷம் நிறையாத தொழிலாளியையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ரேகை விழாதவர்களுக்கு வேறு வழியில் பணம் கொடுக்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே கொடுக்க வேண்டும். தேசிய முதியோர் பென்ஷனை மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 2001 நவம்பர் 28-லேயே சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அந்த ஏழாம் தேதியை அமல் நடத்து என்று கேட்க நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

முதுமையில் உதவி பெறும் உரிமைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 41-வது பிரிவு சர்க்காருக்குச் சொல்கிறது. பென்ஷன் எஜமான் மனமிரங்கிக் கொடுக்கும் தானம் அல்ல, செய்த வேலைக்கு உரியது என்று 1982 டிசம்பர் 17-ல் சுப்ரீம் கோர்ட்டு நகரா வழக்கில் தீர்ப்பளித்தது. அது சர்க்கார் ஊழியர்களின் வழக்கு. நாற்று நட்டவளுக்கும் நூல் நூற்றவனுக்கும் அந்த நியாயம் பொருந்தாது என்று யார் சொல்ல முடியும்?

கடைசியாக நமது குறையையும் சொல்லிக்கொள்வோம். தொழிலாளி வேலையில் இருக்கும் வரை சங்கத்தில் அவனுக்கு இடம் உண்டு. கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் சந்தாப் புத்தகத்திலிருந்து அவன் பெயர் போய்விடுகிறது. நம் ஞாபகத்திலிருந்தும் போய்விடுகிறது. அன்று கொடி பிடித்து நம் சங்கத்தை வளர்த்தவர்கள் இன்று எந்த மூலையில் இருமிக்கொண்டு கிடக்கிறார்கள் என்று எத்தனை கிளைகளுக்குத் தெரியும்? இளைய தோழர்களும், "இது கிழவர்கள் விஷயம், நம் போனஸ்தான் முக்கியம்" என்று நினைப்பதுண்டு. தோழர்களே, இது நாளைக்கு உங்கள் விஷயம். இன்று ஷிப்ட் ஓடும் கை நாளை ஓயும். அப்போது கேட்கப் பலம் இராது. கேட்க வேண்டிய காலம் இது.

ஆகவே ஒவ்வொரு மில் கிளையும், ஒவ்வொரு கிராம விவசாயத் தொழிலாளர் சங்கமும் வரும் மாதத்துக்குள் ஒரு காரியத்தைச் செய்து முடிக்க வேண்டும். வீடு வீடாகப் போய் அறுபது வயது தாண்டியவர்களின் பட்டியலை எடுங்கள். பென்ஷன் வாங்குபவர் யார், மனு தள்ளப்பட்டவர் யார், ரேகை விழாமல் நின்றுபோனவர் யார், முகவருக்குப் பத்தும் இருபதும் அழுபவர் யார் என்று எழுதுங்கள். குறைந்தது ஐந்து வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு வயதில் வெளியே வந்தவர்கள் வருஷம் 120 ரூபாய் கட்டிக் கணவன் மனைவி இருவரும் வைத்தியம் பெறலாம். இதை அறியாதவர்கள் ஏராளம், அவர்களுக்குச் சொல்லுங்கள். பி.எப். நம்பர் தெரியாத தொழிலாளிக்கு அதைத் தேடிக் கொடுங்கள். பிறகு அந்தப் பட்டியலோடு, பெரியவர்களை முன்னே நிறுத்தி, தாலுகா ஆபீசுக்குப் போங்கள். நடக்க முடியாதவர்களை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

திண்ணைக்கு முன்னால் குந்தியிருக்கும் அந்தப் பாட்டி தனியாகக் கேட்டால், "நாளைக்கு வா" என்பார்கள். அவளுக்குப் பின்னால் மில் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் சேர்ந்து நின்றால், அப்படிச் சொல்ல நாக்கு எழாது.

உழைத்த கைக்குக் கூலி! ஓய்ந்த கைக்கு அரைக் கூலி! இந்தக் கோஷம் ஒவ்வொரு மில் கேட்டிலும், ஒவ்வொரு களத்து மேட்டிலும் ஒலிக்கட்டும்.